ஆணி மிதக்கும் என்று கத்திய வகுப்பு

வகுப்பில் எல்லாம் தெரிந்தவள் நான்தான் என்பதில் எட்டு வயதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால் எனக்கு மூத்தவளான ராத்தா கல்வியியல் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு, அதுவும் என் வகுப்புக்கே வந்தபோது, அவளைக் கரைசேர்க்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை கல்லூரி விரிவுரையாளர் வந்து, பின் கதிரையில் அமர்ந்து பாடத்தைப் பார்த்துப் புள்ளி போடுவார் என்றார்கள். தவறினால் பயிற்சியை மறுபடியும் செய்ய வேண்டும். உம்மா இரண்டு நோன்பு நேர்ந்துவிட்டார்.

பாடம், மிதக்கும் பொருளும் தாழும் பொருளும். முந்தின நாள் ராத்தா வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் சிரட்டை, ஆணி, தக்கை, கல் என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஒத்திகை பார்த்தாள். வரிசை எனக்குப் பாடமாகிவிட்டது. மறுநாள் இடைவேளையில் முப்பத்திரண்டு பிள்ளைகளையும் கிணற்றடியில் கூட்டி, குர்ஆன் ஓதப் பள்ளியில் லெப்பை சொல்லித்தருவதுபோல் ராகத்தோடு சொல்லிக்கொடுத்தேன்: மிதக்கும், தாழும், மிதக்கும், தாழும். மூன்று தரம் உரத்துச் சொன்னதில் எல்லோருக்கும் நாக்கில் ஏறிவிட்டது.

மணி அடித்தது. விரிவுரையாளர் பின்னால் வந்து அமர்ந்தார். சிரட்டையை எடுக்கப்போன ராத்தாவின் கை, ஒரு கணம் அதன்மேல் நின்று, விலகிப்போய் ஆணியை எடுத்தது. இது என்ன செய்யும் என்று அவள் கேட்டு முடிக்கவில்லை.

"மிதக்கும்!"

ஆணி நேரே அடிக்குப் போனது. அடுத்து சிரட்டை. "தாழும்!" என்று கத்தினார்கள், அது மிதந்தது. கண்ணால் கண்டதை ஒருவரும் நம்பவில்லை, என்னைத்தான் நம்பினார்கள். கல் மிதக்கும், தக்கை தாழும் என்று முடித்தபோது விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியையே கழற்றிவிட்டார். உம்மாவின் நோன்பு வீண் என்று எனக்கு அழுகை வந்தது.

ராத்தாவோ சிரித்தாள். "ஆணி தாழ்ந்தத கண்டீங்கதானே, பொறகும் ஏன் கத்தினீங்க? வாங்க, நீங்களே போட்டுப் பாருங்க."

அதற்குப் பிறகு அது வகுப்பாக இல்லை. அழிறப்பர், சீப்பு, ஒருவனுடைய செருப்பு என்று எல்லாம் வாளிக்குள் போயின. கடலுக்குப் போகிறவரின் மகன் ஒருவன், "சின்ன ஆணி தாழுது, அந்தப் பெரிய இரும்புக் கப்பல் ஏன் டீச்சர் தாழல்ல?" என்று கேட்டான். அதைக் கேட்டு விரிவுரையாளரும் எழுந்து வந்து எங்களோடு வாளியைச் சுற்றி நின்றார்.

ராத்தா நல்ல புள்ளியோடு தேறினாள். அந்த மனிதர் இரக்கப்பட்டுப் போட்டிருக்கிறார் என்று கன காலம் நினைத்திருந்தேன்.

இப்போது நானும் அதே கல்லூரியின் ஆசிரிய மாணவி. அடுத்த கிழமை என் பின் கதிரையிலும் ஒருவர் வந்து அமர்வார். வரட்டும், என் பாடத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் பழைய கணக்கைத் தீர்த்துவிடுவோம் என்று போன வெள்ளிக்கிழமை ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நீங்கள் வரிசையை மறக்காமல் இருந்திருந்தால் என்று தொடங்கினேன்.

"நான் எங்க புள்ள மறந்த? கிணத்தடில நீ ஓதிக் குடுத்தது அதிபர்ட கந்தோர் வரைக்கும் கேட்டுச்சே. வேணுமென்டுதான் மாத்தினன்."

மாற்றாமல் விட்டிருந்தால் முப்பத்திரண்டு பேரும் பிழையில்லாமல் சொல்லியிருப்பார்கள், புள்ளியும் தானாக விழுந்திருக்கும். அந்தக் கை சிரட்டைமேல் நின்றதை முன் வாங்கில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். மறதியில் வந்த தயக்கம் என்றுதான் நினைத்தேன்.