நடுவில் வளைந்த கோடு

அவளை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கிற கருவியின் பெயர் ஒரு பெண்ணுக்கு வந்ததற்குக் காரணம் அவள் பார்த்த வேலை. விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படம் எடுப்பாள். தரகர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் காலி வீட்டுக்குள் தனியாக நுழைந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கூடத்து மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, மூன்று சுவரையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிடுவாள். கதவு நிலை மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். விருந்துக்குப் போன வீட்டில்கூடக் கை சும்மா இருக்காது. சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

"கட்டிக்கிட்டப்பவே நான் கொஞ்சம் கோணல்தான். என்னை மட்டும் எப்படி விட்டுவச்ச?" என்பார் அவள் கணவர். ஏசி பழுது பார்ப்பவர் அவர்.

"உங்களத் தூக்கி நிமித்த எனக்குத் தெம்பில்ல" என்பாள் அவள்.

நாற்பதைத் தாண்டியதும் மணிக்கட்டு வலி வந்தது. பழைய கேமரா செங்கல் கனம் கனத்தது. எடை குறைந்த மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிடலாம் என்று, வழக்கமாகப் போகும் கடைக்குப் போனாள்.

"கேமரா பாடி நாளைக்கே பழசாயிடும்மா, லென்ஸ்தான் காலத்துக்கும் கூட வரும். அதனால லென்ஸ முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார் கடைக்காரர். அகலமாகப் பிடிக்கும் லென்ஸ்கள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இருட்டிலும் நன்றாக எடுக்கும், ஆனால் கனம். மற்றது அவ்வளவு வெளிச்சம் வாங்காது, ஆனால் கையில் வைத்திருப்பதே தெரியாது. அவள் எப்போதும் ஸ்டாண்டில் வைத்து, நிதானமாக எடுப்பவள். கனமில்லாததே போதும் என்றாள்.

பாடி அவ்வளவு சுலபத்தில் அமையவில்லை. ஒன்றைப் பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. இன்னொன்றில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் சிறியது. சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போடுபவளுக்கு அதில் நாலு மூலையும் தெரியவில்லை. மூன்றாவது கையில் பொருந்தி உட்கார்ந்தது. கடைக்காரர் அதில் கட்டக் கோடுகளை வரவழைத்துக் கொடுத்தார். அவள் வலது கண்ணை வைத்துக் கடைவாசல் வழியாக எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"அண்ணா, பலகை கொஞ்சம் உப்பின மாதிரி தெரியுதே?"

"அகல லென்ஸ்னா ஓரத்துல அப்படித்தான்மா இருக்கும். படத்துல கேமராவே சரி பண்ணிடும்."

"ஓரத்துல இல்லண்ணா. நடுவுல."

அதற்குள் வேறொருவர் உள்ளே வர, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. "வீடு வீடாப் படம் புடிக்கிறீங்க, எங்க மூஞ்சி மட்டும் ஆகாதா?" என்று மகள் ரொம்ப நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்ததால், முகம் எடுக்க ஏற்ற லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் வீட்டிலேயே ஆரம்பித்தது. படுக்கையறைக் கதவு நிலை, மேலும் கீழும் நேராக இருந்து, நடுவில் மட்டும் வயிறு தள்ளியது. இரண்டடி நகர்ந்து பார்த்தாள். நிலை நேரானது, இப்போது அலமாரி வளைந்தது. எதைப் பார்த்தாலும் அது நெளிந்தது, பார்வையை எடுத்தால் நிமிர்ந்தது. யாருமில்லாத வீட்டில், அவள் பார்க்கும் இடமாகப் பார்த்துச் சுவருக்குள் ஏதோ நகர்வது போலிருந்தது. அன்று அவள் ஜன்னல்களைக்கூடச் சாத்தாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் படங்களில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனசு கேட்காமல் கடைக்குப் போனாள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு லென்ஸ் மாற்றிக் கொடுத்தார். அதிலும் வளைந்தது. முன்பு வேண்டாமென்ற கனமான லென்ஸைக் கேட்டு வாங்கி வந்தாள். அதிலும் வளைந்தது. வியூஃபைண்டர் பக்கத்தில் பார்வைக்குத் தக்கபடி திருப்பும் சின்னச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி விரல்நுனி சிவந்தது.

"படம் நேரா வருதுல்ல, அப்புறம் என்ன?" என்றார் கணவர்.

"எனக்கு நேராத் தெரியலையே."

"புது மாடல் பழகணும்ல? ஏசி ரிமோட் மாறினாலே கஸ்டமருங்க ஒரு வாரம் கத்துறாங்க."

அவள் சிரித்து வைத்தாள். சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. அதற்குள் வளைவுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறையும் வந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்தாள். லென்ஸைத் துடைத்தாள். போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, முகம் எடுக்கும் லென்ஸைப் பூட்டினாள். மகள் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கேமரா தானாகவே முகத்தில் கண் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு பச்சைக் கட்டம் போட்டது. ரசமட்டம் அந்தக் கட்டத்துக்குள் பார்த்தாள்.

அங்கே கண் இல்லை.

நெற்றி இருந்தது, காதோரத்து முடி இருந்தது, அசையும் உதடு இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில், சேலையைக் கசக்கிப் பிடித்தது போல ஒரு சாம்பல் சுருக்கம் மட்டும் இருந்தது. பச்சைக் கட்டம் விடாமல் அதையே பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, எடுங்கம்மா. கழுத்து வலிக்குது."

"இரு, பேட்டரி இல்ல" என்று பொய் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவை மூடி போட்டு மூடினாள். இப்போது வியூஃபைண்டருக்குள் வெறும் கறுப்பு, அதன்மேல் கேமராவே வரையும் கட்டக் கோடுகள், அவ்வளவுதான். வளைப்பதற்கு லென்ஸே இல்லை. கோடுகள் நடுவில் வளைந்திருந்தன.

பிறகு, செய்யப் பயந்துகொண்டே, கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினாள். கோடுகள் நேராக இருந்தன.

உடனே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தாள். காலையில் எழுந்ததும் வலது கண்ணால் சமையலறைத் தரை ஓடுகளைப் பார்ப்பாள், நேற்றைவிடக் கறை பெரிதா என்று. சாப்பிடும்போது பார்ப்பாள், துணி மடிக்கும்போது பார்ப்பாள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன.

மகள்தான் பிடித்தாள். "அப்பா, அம்மா எப்பப் பாத்தாலும் ஒரு கண்ண மூடிக்கிட்டே இருக்காங்க. கவனிச்சீங்களா?"

கணவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவள் உடைந்து அழுது, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலைக்குப் போகவில்லை. நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள்.

டாக்டரம்மா சொட்டுமருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "எப்போலிருந்து இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும். லென்ஸ்ல கோளாறுன்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்தேன்."

"ரெண்டு மாசமா?" டாக்டரம்மா பேனாவை மூடினார். "கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு திரை இருக்கு. பவர் ரொம்ப அதிகமா இருக்கிறவங்க சிலருக்கு, அதுக்கு அடியில புது ரத்தக்குழாய் முளைச்சுக் கசியும். திரை உப்பிக்கும். அதான் கோடு வளையுது. ஊசி போட்டு நிறுத்தணும்."

"ஊசி கையிலதானே?" என்றார் கணவர், நப்பாசையாக.

"கண்ணுக்குள்ள."

அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊசிகள் போட்டார்கள். கசிவு நின்றது, கறை பரவவில்லை. ஆனால் தழும்பு விழுந்த இடம் விழுந்ததுதான். வலது கண்ணில் நடுப்பார்வை திரும்பவில்லை. இடது கண்ணை வியூஃபைண்டரில் வைத்துப் பழகினாள். மூக்கு இடித்தது, முதலில் படமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தரகர் ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் பொறுத்தார்கள். கனமான லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலில் வாங்கிய அந்தக் கனமில்லாத லென்ஸையே திரும்ப வாங்கிக்கொண்டாள். அதில் ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.

கடைசி ஊசியன்று டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல வேற யாராவது கண்ணாடி போடுறாங்களா?"

"மக போடுறா. வருஷா வருஷம் ஏறுது."

"கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் மகள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தாடையை அதே தாங்கியில் வைத்தாள். டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். ஒரு கண்ணை விட்டு மறு கண்ணுக்குப் போனவர், திரும்பவும் முதல் கண்ணுக்கே வந்தார். பின்னால் நின்ற ரசமட்டம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போதைக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல. அந்தத் திரையோட ஓரத்துல ஒரு இடம் கொஞ்சம் மெலிசா இருக்கு. வருஷம் தவறாம வந்து காட்டுங்க. கோடு கீடு வளைஞ்சா அன்னிக்கே வரணும்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. சொட்டுமருந்தில் விரிந்த கண்கள் கூசி, மகள் அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"மெலிசுன்னா என்னம்மா?"

"ஒண்ணும் இல்லடி" என்றாள் ரசமட்டம். "படி இருக்கு, பாத்து கால வை."