வால்விஸ் பேயிலிருந்து பத்து மணி நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன், ராயபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய ஒரே மகன் கப்பலில் ஃபிட்டர். ஆப்பிரிக்காவின் அந்தக் கோடியில் வால்விஸ் பே என்ற ஊருக்கு வெளியே அவன் கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. மத்தியானம் போனில் கிடைத்தான். "கேப்டன் ஊருக்குப் போவ வுட்டுட்டாரு. நான் வர்ற வரைக்கும் அப்பாவ வெச்சிருங்க" என்றான். அதோடு லைன் போய்விட்டது.

அவன் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகள் போகிற, வருகிற நேரத்தை எழுதுவது என் வேலை. அந்தப் பெருமையில் போனைத் தட்டினேன். எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் பத்து மணி நேரம் என்று வந்தது. "ராத்திரியே வந்துடுவான், நாளைக்குத் தாராளமா எடுக்கலாம்" என்றேன். என் வார்த்தையை நம்பி, புதன் நாலு மணிக்கு அடக்கம் என்று மாதா கோயிலில் சொல்லிவிட்டார்கள். சுவரொட்டியும் ஒட்டியாயிற்று.

புதன் மதியம் பையன் கூப்பிட்டான். "சித்தப்பா, இன்னும் இங்கதான் கீறேன். இப்பதான் போட்ல கரைக்கு எறக்கி வுட்டாங்க. ஜோகன்னஸ்பர்க் போயி, துபாய் போயி, அப்பாலதான் சென்னை. நாளைக்கு சாயங்காலம் ஆயிடும்."

வாசல் நிறைய ஆட்கள். லீவு போட்டு வந்த உறவினர்கள், சொன்னபடி நாலு மணிக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். அண்ணி ஐஸ் பெட்டியின் மேல் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "பத்து மணி நேரம்னு நீதானேப்பா சொன்ன" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

துக்கத்துக்கு வந்திருந்த டிரெய்லர் டிரைவர் ஒருவர் என் காதோரம் சொன்னார்: "இன்னா சார், எண்ணூர்லேர்ந்து ஆர்பர் கேட்டு எம்மாந்தூரம் கீது? போன வாரம் லைன்ல நின்னு நான் உள்ள பூர ஒரு நாள் ஆச்சே. நீதானே சார் எழுதுன." ஆமாம், பக்கத்திலிருக்கும் துறைமுக வாசலுக்குள் போகவே ஒரு நாள் என்று என் கையால்தான் எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். தப்பு என்னுடையது என்று பங்குத்தந்தையிடம் சொன்னேன். மறுநாள் ஐந்தரைக்கு மாற்றிக் கொடுத்தார். பிறகு தெருமுனையில் நின்று, மாலையோடு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். சுவரொட்டிகளில் கிழமையைப் பேனாவால் திருத்தினேன்.

வியாழன் ஐந்து மணிக்கு அவன் வந்து சேர்ந்தான். கையில் கிரீஸ் கறை போகவில்லை. பெட்டியைத் திறந்ததும் அப்பாவின் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். அடக்கம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் டைம் மாத்தி வாங்கலேன்னா எங்கப்பா மொகத்தையே பார்த்திருக்க மாட்டேன் சித்தப்பா" என்று அழுதான். நான் அண்ணியைப் பார்த்தேன்.

முதலில் நேரத்தைத் தப்பாகச் சொன்னதே நான்தான் என்று இன்றுவரை அண்ணி அவனிடம் சொல்லவே இல்லை. லீவில் வரும்போதெல்லாம் அவன் எனக்கென்று தனியாக ஒரு சாக்லேட் டப்பா கொண்டுவந்து கொடுக்கிறான். அந்த நன்றி எனக்குச் சேராது என்று அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.