தெலுக் அன்சனிலிருந்து கொண்டுவந்த படச்சுருள்

இந்த 1927 தை மாதம் ஈப்போவிலிருந்து தெலுக் அன்சன் போய் வந்தேன். என் காலஞ்சென்ற கணவர் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். சீமைக்குத் திரும்பிய தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, என் கணவரை வைத்து எடுத்த சலனப்படத்தை என் கணவரின் இரண்டாம் மனைவி செல்லம்மாளிடம் கொடுத்துவிட்டாராம். முதலில் தாலி ஏறியது என் கழுத்தில். என்னிடம் இருப்பதோ ஒரே புகைப்படம். அதில் அவர் சிரிக்கவில்லை.

காலை ஏழு மணி ரயில். தாப்பா ரோடு ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டும். அங்கே தேநீர் வாயில் வைக்க முடியாது, கையோடு கொண்டுபோங்கள். தோட்டம் ஸ்டேஷனிலிருந்து நான்கு மைல். மாட்டுவண்டிக்கு ஐம்பது காசு.

"கிராணி சம்சாரம் வீட்டுக்கா? வாங்க, போலாம்" என்றார் வண்டிக்காரர்.

"நான்தான் கிராணி சம்சாரம்."

அப்புறம் அவர் மாட்டோடு மட்டுமே பேசினார்.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில், செல்லம்மாள் வீட்டில், படப்பெட்டி சாமி மாடத்தில் குங்குமப் பொட்டோடு இருந்தது. அவள் அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் ஊதி அணைத்தேன்.

"என்னாக்கா, வெள்ளிக்கிழமை அதுவுமா!"

"இது பஞ்சைவிட வேகமாப் பத்திக்கும். லயமே எரிஞ்சிருக்கும்."

"அவரும் அப்படித்தானே? பொசுக்குன்னு கோவம் வந்துரும்" என்று சிரித்தாள்.

என்னிடம் அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அதைக் கேட்டதும் எனக்கு அதுவே குறையாகப் பட்டது.

பெட்டியைத் திறந்தால் காரமான நெடி. மேல்சுற்று பிசினாக ஒட்டியிருந்தது. "ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் காப்பாத்துங்கக்கா. பேரப்பிள்ளைங்க அவர பாக்கணும்லா" என்றவள், வாசல்வரை வந்து, "நானும் அதுல இருக்கேன், வெட்டிப்புடாதீங்க" என்றாள்.

ஈப்போ பயாஸ்கோப் கொட்டகையில் படம் ஓட்டுபவர், கெட்ட பகுதியை நறுக்கி எடுத்தார். இல்லாவிட்டால் மற்றதும் கெட்டுவிடுமாம். செல்லம்மாள் வரும் இடத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்கம்மா, ஐயா அவங்க தலையில பூ வச்சிவிடுறாரு. கைய எங்கன்னு வெட்டுறது?"

பார்த்தேன். படத்தில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடுங்க" என்றேன்.

படச்சுருள் வைத்திருப்பவர்களுக்கு: சாமி மாடம் வேண்டாம். விளக்கு, கற்பூரம், சுருட்டு அருகில் வரக் கூடாது. ஈரமில்லாத, குளிர்ந்த அறையில் வையுங்கள். ரயிலில் வெயில் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிமேல் படத்தில் இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். பின்னால் வருபவர்களுக்கு முகம் தெரியாது. நானும் கான்வென்டில் கற்ற கையெழுத்தில் இருவர் பெயரையும் எழுதிவிட்டேன். அவள் பெயரை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில்.