ஊமைக் கப்பலின் பாட்டுக்காரர்

"நாடிய கொஞ்சம் தூக்குங்க. போதும். இப்ப அசையாதீங்க" என்று சொல்லும்போது ஜனார்த்தனனின் வலது காது மட்டும்தான் நம்மோடு இருக்கிறது. இடது காதில் ஹெட்போன். அதற்குள் புயல் அடித்துக்கொண்டிருக்கிறது. பாய்மரம் ஒன்று முறியப்போகிறது. முறிகிற சத்தம் சரியான கணத்தில் வந்துவிட்டால் அவர் முகம் மலர்கிறது. அதைப் பார்த்து எதிரில் இருப்பவரும் சிரித்துவிடுகிறார். கடவுச்சீட்டுப் படத்தில் சிரிக்கக் கூடாது. ஆகவே மறுபடியும், "நாடிய கொஞ்சம் தூக்குங்க."

சிங்களவர் வந்தால் "பொட்டக் உட பலன்ன" என்பார். அவர்களும் நாடியைத் தூக்குவார்கள். புயல் ஒன்றுதான்.

கண்டிக்கு அருகே, கெலிஓயாக் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய ஸ்டூடியோ. நீலத் திரை ஒன்று, வெள்ளைத் திரை ஒன்று, சுழலும் முக்காலி, ஒரு பிளாஸ்டிக் கதிரை. வெளிநாடு போகிறவர்களும், போய்விட்டு என்னைப்போல விடுமுறையில் வந்து விண்ணப்பங்களோடு அலைகிறவர்களும் அந்த முக்காலியில்தான் உட்கார வேண்டும். எனக்கு இரட்டைக் குடியுரிமைப் படிவத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஐந்து நிமிட வேலை. இரண்டு வாரத்தில் நான்கு தடவை போனேன். முதல் மூன்று படங்களிலும் என் புருவங்கள் நெரிந்திருந்தன.

"புருவத்த எறக்குங்க சார். அந்த நாடுதான் உங்கள எடுத்துக்கிட்டாச்சே. இன்னும் என்ன பயம்?" என்றார்.

விமானம் ஞாயிற்றுக்கிழமை என்றேன். "இன்னிக்கு திங்கள்தானே" என்று சொல்லிவிட்டுப் புயலுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் புயலின் கதை தொண்ணூற்றொன்பதில் தொடங்குகிறது. நாவலப்பிட்டியில் ஒரு கணினி வகுப்பு. பதினாறு வயது ஜனார்த்தனன் பாடம் முடிந்ததும் ஒரு கேம் விளையாடுவார். பாய்க்கப்பலில் துறைமுகம் துறைமுகமாகப் போய் மிளகும் துணியும் விற்க வேண்டும். வழியில் கடற்கொள்ளைக்காரர், புயல், காய்ச்சல். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் கிடைத்ததெல்லாம் கள்ளக் கொப்பிதான். ஒரே சீடீயில் எட்டு கேம்களை அடைப்பதற்காக, எடுத்தெறியக் கூடியதை எல்லாம் எடுத்தெறிந்திருப்பார்கள். முதலில் எறியப்படுவது பாட்டு. அடுத்தது, கட்டங்களுக்கு நடுவே கதையைச் சொல்லும் சின்னச் சின்ன ஓடும் படங்கள். மிஞ்சியது ஊமைக் கப்பல். மூன்று வருடம் அவர் அந்தக் கப்பலை ஓட்டினார். கடைசித் துறைமுகத்தை அடைந்ததும் திரை ஒரு நிமிடம் கறுத்துவிட்டு, கேம் மூடிக்கொள்ளும். கப்பல் மூழ்கிவிட்டது என்று நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கப்பற்காரர்கள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டவர்களுக்கு, "நேர்த்திக்கடன்" என்றார்.

பன்னிரண்டு வருடம் கழித்துக் கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஆங்கில அகராதிகளுக்கு அடியில், அதே கேமின் அசல் சீடீ அகப்பட்டது. வீட்டுக்கு வந்து போட்டார். கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் பிடில் ஒன்று எழுந்தது. பிறகு முரசு. பிறகு நாற்பது பேர் சேர்ந்து பாடினார்கள்.

"எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல சார். அடப்பாவிகளா, மூணு வருசம் என்கூடவே இருந்துகிட்டு ஒருத்தனும் வாயத் தொறக்கலியேன்னு."

அதே கேமை அண்மையில் ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறு கம்பனி இணையத்தில் மறுபடியும் விற்கத் தொடங்கியது. ஜனார்த்தனன் முதல் நாளே வாங்கினார். பாட்டு இல்லை. அந்தக் காலத்தில் பாட்டுகள் கேமுக்குள் இல்லாமல், சாதாரணப் பாட்டு சீடீயில் இருப்பதுபோல் வட்டின் மீதிப் பகுதியில் கிடந்தன. கேமை மட்டும் எடுத்துப் பொதிந்தவர்கள் அவற்றைக் கவனிக்கவில்லை. நடுவில் வரும் படங்களோ இன்றைய கணினிக்குப் புரியாத பழைய முறையில் செய்யப்பட்டவை. கறுப்புத் திரை மட்டும் வந்தது. "திருடன்தான் ஊமையாக்கினான்னா, சொந்தக்காரனும் ஊமையாக்கிட்டான்" என்பது அவர் வழக்கு. அன்றிலிருந்து பாட்டையும் படத்தையும் அவை இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பதுதான் அவருக்கு வேலை. கடவுச்சீட்டுப் படம் அதற்கு நடுவில் நடக்கிறது.

சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் எண், எந்த இடத்தில் வரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். எண் இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறது. வட்டில் முதலாவதாக இருப்பது கேம், பாட்டு இரண்டாவதிலிருந்துதான். முதல் தடவை அவர் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டார். எல்லாப் பாட்டும் ஓர் இடம் தள்ளிப்போய்விட்டன. புயலில் துறைமுகத்து நடனம் வந்தது. கப்டனின் சவ அடக்கத்துக்கு வெற்றி முரசு முழங்கியது. படத்தின் வேகமும் பிசகியதால், பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் ஓட்டப்பந்தயத்தில் போல ஓடினார்கள். பழைய கேம் பிரியர்கள் கூடும் இணையத்தளத்தில் அவர் போட்டிருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, போலந்துக்காரர் ஒருவர் அதைப் பணிவோடு சுட்டிக்காட்டியிருந்தார். ஜனார்த்தனன் பதில் எழுதினார்: எங்கள் ஊரில் சாவுக்கு மேளம் அடிப்பது வழக்கம், அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஓடியதற்கு மட்டும் மன்னிக்கவும்.

இந்த வேலையெல்லாம் நடப்பது மேசைக்குக் கீழே துவாய் போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய கணினியில். அதன் சீடீத் தட்டு தானாக வெளியே வராது. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, சின்னத் துளைக்குள் விட்டுக் குத்தினால்தான் நாக்கை நீட்டும். அந்தக் கிளிப் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அசல் சீடீ அதற்குள்ளேயே குடியிருந்தது. "எடுத்து எடுத்துப் போட்டா தட்டு ஒடஞ்சிரும்" என்றார்.

அவருடைய மனைவி யசோதினி சாவகச்சேரிக்காரி. கண்டியில் கணித ஆசிரியை. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டூடியோவுக்கு வந்து, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கொப்பி திருத்துவார். முன்பொரு நாள் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு வகுப்புப் படம் எடுக்கப் போனபோதுதான் ஜனார்த்தனன் அவரைச் சந்தித்திருக்கிறார்.

"நான் கதைச்சது ஒண்டும் இவருக்குக் கேக்கேல்ல. காதில உந்தச் சாமான். அதால எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டார். நான், நல்ல மனுசன் எண்டு நம்பிட்டன்."

"வலது காதுல கேட்டிச்சி" என்றார் ஜனார்த்தனன் திரும்பாமலே.

"எங்கட கலியாண வீடியோவில ஐயர் வாயை மட்டும் அசைக்கிறார். சத்தம் இல்லை. பன்னிரண்டு வருசமாச் சேர்க்கிறன் சேர்க்கிறன் எண்டுறார். முன்னப்பின்னத் தெரியாத கப்பல்காரருக்கு இருந்து இருந்து பாட்டுப் போடுறார்."

"ஐயருக்கு அசல் சீடீ கெடைக்கணுமே" என்றார்.

நான் மூன்றாவது தடவை போன செவ்வாய்க்கிழமை அவர் சட்டையை உள்ளே விட்டு இடுப்புப்பட்டி கட்டியிருந்தார். அந்த ஐரோப்பியக் கம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. பாட்டும் படமும் சேர்த்து அவர் செய்த பொதியைப் பற்றிக் கேள்விப்பட்டார்களாம். கேமின் புதிய பதிப்பில் அதையே சேர்க்க விருப்பமாம். வெள்ளிக்கிழமைக்குள், எந்தக் கணினியிலும் வேலை செய்யும்படி அனுப்பினால் சேர்ப்பார்கள். கடைசிப் படத்துக்குப் பிறகு ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் வரும். பிந்தினால், இருக்கிறபடியே ஊமையாக வெளியிடுவார்கள்.

"விட்டா மூணாவது தடவையும் ஊமைதான் சார்" என்றார். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பதில் கடிதத்தை நான் பார்த்துத் தரவேண்டும் என்று நீட்டியபோது, பெயரும் ஊரும் மூன்று இடத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் சில இடங்களைத் திருத்தினேன். அவர் இரண்டை மட்டும் ஏற்றுக்கொண்டார். "ரொம்ப சரியா இருந்தா, யாரோ பெரிய ஆளுன்னு பயந்துருவாங்க."

பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். உள்ளே என் அலுவலக மடிக்கணினி. அதில் எதையும் ஏற்றக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். கணினியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பார்க்காவிட்டால் குற்றம் பாதியாகும் என்று ஓர் எண்ணம்.

கேம் திறந்தது. முதல் படம் ஓடியது. கடல் நீலமாக, வேகம் சரியாக. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்தது. பிடில் இல்லை. முரசு இல்லை. நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒலியைக் கூட்டினார். ஹெட்போனைக் கழற்றி மாட்டினார். அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினார். ஊமை. தன் கணினியில் போட்டுப் பார்த்தார், பாடியது. என் கணினியில் ஊமை. "உங்க ஆபீஸ்ல பாட்டுக்குத் தடையா சார்?" என்று சந்தேகமாகக் கேட்டார். இருக்கலாம் என்றேன். எங்கள் அலுவலகத்தைப் பற்றி எதையும் நம்பலாம்.

யசோதினி கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி, என் கணினியைச் சுற்றிப் பார்த்தார். "இதில சீடீ போடுற இடம் எங்க?"

"இப்ப வாறதுகள்ல அதெல்லாம் இல்ல."

"அப்ப உங்கட பெட்டிக்குள்ள கிடக்கிற சீடீ?"

ஜனார்த்தனன் எழுந்து, ஆணியிலிருந்து கிளிப்பை எடுத்து, துவாயை விலக்கிக் குத்தினார். தட்டு நாக்கை நீட்டியது. அசல் சீடீயை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தன் கணினியிலேயே கேமைத் திறந்தார். கப்பல் நகர்ந்தது. மயான அமைதி.

பாட்டு எங்கே இருக்கிறது என்று கேமுக்குச் சொல்லும் ஒரு வரி. அது இன்னமும் சீடீயைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சீடீயிலிருந்து எடுத்து அவர் கேமுக்குள் சேர்த்த பாட்டுகளை அவருடைய கணினி ஒரு நாளும் தொட்டதே இல்லை.

"ஆறு மாசமா சீடீ பாடியிருக்கு" என்றார் மெதுவாக. "நான் பாட வச்சேன்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன்." இடுப்புப்பட்டியை ஓர் ஓட்டை தளர்த்தினார். யசோதினி சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி, முடியாமல் மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடே சீடீயை எடுத்துத் தன் கைப்பைக்குள், சோக் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். "இது இனி என்னோட பள்ளிக்கூடத்துக்கு வரும். மறந்துபோய்த் திருப்பிப் போட்டுவிடுவியள்."

புதனும் வியாழனும் ஸ்டூடியோக் கதவில் 'மின்சாரம் இல்லை' என்ற அட்டை தொங்கியது. உள்ளே விளக்கு எரிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டதால், கப்பற்காரர் பாட்டு படிக்கட்டு வரை கேட்டதாக மருந்துக்கடையில் சொன்னார்கள். அந்த ஒரு வரியை மாற்றியதும் வேறு எட்டு இடத்தில் பிசகியதாம். வெள்ளி பிற்பகல் தொலைபேசியில் அழைத்தார். "அனுப்பிட்டேன் சார். உங்க மடிக்கணினியில இன்னொரு வாட்டி..." நான் பயணப்பெட்டி அடுக்குவதாகச் சொன்னேன். "அப்ப நாளைக்கு கொண்டுவாங்க" என்றார். கொண்டுபோனேன்.

சனிக்கிழமை காலை முக்காலியில், கீழே மருந்துக்கடையில் வேலை செய்யும் நுஹா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கட்டாருக்குப் போக அவளுக்கும் படம் வேண்டும். ஜனார்த்தனன் கமராவை விட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் நின்றார். கம்பனி புதிய பதிப்பை அவருக்குப் பரீட்சித்துப் பார்க்க அனுப்பியிருந்தது. என்னுடையதில் முதலில் போட்டார். பாடியது. பிறகு தன்னுடையதில், கடைசித் துறைமுகத்துக்குச் சற்று முன்னால் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

கப்பல் மூழ்கவில்லை. கரையில் ஒரு பெண் விளக்கோடு நின்றாள். நாற்பது பேரும் பாடினார்கள். திரை கறுத்தது, கறுப்பில் பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. பாட்டுக் கட்டியவர்கள், படம் வரைந்தவர்கள், யாரோ ஒருவருடைய நாய். கடைசிக்கு முந்திய வரியில், ஆங்கில எழுத்தில், ஜனார்த்தனன், கெலிஓயா.

"இஞ்ச பாருங்கோ, உங்கட பேர்!" யசோதினி எழுந்துவிட்டார். மடியிலிருந்த கொப்பிகள் சரிந்தன.

"அண்ணா, நான் இன்னமும் நாடிய தூக்கிட்டே ஈக்கணுமா?" என்றாள் நுஹா, நாடியைத் தூக்கியபடியே.

ஜனார்த்தனன் ஆணியிலிருந்து கிளிப்பை எடுத்தார்.

"சீடீ என்ர பைக்குள்ள கிடக்கு" என்றார் யசோதினி. பையைத் திறந்தும் காட்டினார். "சந்தோசப்படுங்கோவன் ஒருக்கா."

அவர் குனிந்து, துளைக்குள் கிளிப்பை விட்டுக் குத்தினார். தட்டு வெளியே வந்தது. காலி. நடுவிலிருந்த ஓட்டைக்குள் சுட்டுவிரலை விட்டுத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கேமை முதலிலிருந்து திறந்தார். கப்பல் நகர்ந்தது. பிடில் எழுந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.