மாட்டாஸ்பத்திரியில் மூன்று சடைநாய்கள்

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வேலையில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு, நோயாளி நம்மைக் குறை சொல்ல மாட்டான். அந்தக் குறையை மாட்டோடு வருகிறவர்கள் தீர்த்து வைத்துவிடுவார்கள். எருமையிடம் உதை வாங்கியவர்களுக்கும், சாணி வாசனையோடு பஸ் ஏறி ஸீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் நடுவில் நான் கும்மிடிப்பூண்டியில் இருந்தேன். அப்போதுதான் அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றோடு வந்ததுதான் இந்த வம்பும்.

கூடையில் வந்தது

ஒருநாள் காலை கம்பெனி ஜீப்பில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். பெயர் ரேவா, கல்கத்தாக்காரர், புருஷன் தொழிற்சாலையில் இன்ஜினீயர். கையில் பிரப்பங்கூடை. உள்ளே ஏழு வாரக் குட்டிகள் மூன்று. அம்மா, அவர் வளர்க்கும் பூடில். சுருட்டை முடி, பொம்மை மாதிரி இருக்கும். அப்பா, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியின் பொமரேனியன். கல்யாணம் யாரையும் கேட்காமல் நடந்துவிட்டது. இப்போது இன்ஜினீயருக்குப் பம்பாய்க்கு மாற்றல். தாயை மட்டும்தான் கூட்டிப்போக முடியும். இரண்டு வாரம்தான் இருக்கிறது.

"தெருவுல விடக் கூடாது. குடும்பம் வேணும். நல்ல குடும்பம்" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் டாக்டர், "நம்ம கம்பவுண்டர் பாத்துப்பார்" என்று என்னைக் காட்டிவிட்டு எருமையிடம் போய்விட்டார். அட்டெண்டர் கன்னியப்பன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். "சார், ரிஜிஸ்டர்ல மாடு, ஆடு, கோழின்னு மூணு பத்திதான் கீது. இந்தச் சுருட்ட முடிய எதுல சார் எழுதறது?"

காவலுக்கு ஒன்று

முதல் குட்டியைக் கேட்டு வாங்கிப்போனவர் ஆரம்பாக்கம் முனிரத்தினம். நெல் விவசாயி. மாட்டுக்குத் தோளில் புண் என்று வந்தவர், வயலில் மோட்டார் ஷெட்டுக்குக் காவல் வேண்டும் என்றார். ஒரு குட்டி குறைகிறதே என்ற சந்தோஷத்தில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம்மில் யார் கேட்டிருப்போம்?

நாலாம் நாள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். முடி முழுக்க ஒட்டுப்புல். குட்டிக்கு ஒரு கவலையும் இல்லை, என் கையை நக்கியது. ஷெட்டுப் பக்கம் வருகிறவன் போகிறவன் எல்லார் காலிலும் விழுந்து புரள்கிறதாம். "காவலுக்குத்தான நைனா கேட்டேன்? இது வர்றவனையெல்லாம் கையப் புடிச்சி உள்ள கூட்டினு போவுது!"

திரும்பக் கேட்டு வந்தவர்

மறுநாள் காலை ரயிலில் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து இறங்கி, விடுவிடென்று ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். முனிரத்தினத்தின் மனைவி சரோஜா. "எங்க அது?" என்றார். ஒட்டுப்புல்லெல்லாம் நான் எடுத்து முடித்திருந்தேன். குட்டி அவர் குரலைக் கேட்டதும் பெஞ்சுக்கடியிலிருந்து உருண்டு வந்து புடவையைப் பிடித்து இழுத்தது. ஷெட்டில் கட்டினதே அரை நாள்தானாம். மீதி நாளெல்லாம் அடுப்பங்கரையில் சரோஜாவின் காலடியில் கிடந்திருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் நேற்று ராத்திரி சோற்றைத் தொடவில்லையாம். அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் புருஷன் தூக்கிவந்துவிட்டார்.

தினம் சீவ வேண்டும், இல்லாவிட்டால் முடி சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கும் அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. நாய் வேண்டும் என்று கேட்கிறவரை விட, பகலில் வீட்டில் இருக்கிறவரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டேன், முனிரத்தினம் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று. சரோஜா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டார். "அவருக்குக் காவல்தான வேணும்? ஒரு நல்ல பூட்டா வாங்கிக்கச் சொல்லுங்க. இது எனுது."

தொட்டிக்குள் குதித்தது

இரண்டாவது குட்டியைத் தேர்ந்தெடுத்தவர் எல்லம்மா. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வாரம் ஒரு தடவை மீன்கூடையோடு வருவார். எங்கள் ஸ்டாஃப் வீடுகளுக்கெல்லாம் அவர்தான் மீன். "கருவாடு காய வெச்சா காக்கா உட மாட்டுது, ஒரே பேஜாரு" என்றார். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. பகலில் வீட்டில் யார்? நாய்க்கு யார் சோறு வைப்பார்கள்? சிக்கு யார் எடுப்பார்கள்? பெண் கொடுக்கிற மாதிரி கேட்டேன். "வல சிக்கே எடுக்கறோம், நாய் சிக்கு எடுக்க மாட்டமா?" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் ஏறிக் குதித்துவிட்டது. நான் பதறி ஓடினேன். அது ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தது. எல்லம்மா அதை மட்டும்தான் பார்த்தார். மற்றதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு வந்தபோதெல்லாம் அதன் புகழ்தான். வலையிலிருந்து அறுந்து போன மிதப்புக் கட்டையை ஏரியில் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருகிறதாம். குப்பமே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறதாம். "எங்க ஊட்டுக்காரு அத உட்டுட்டு ஏரிக்குப் போவ மாட்டன்றாரு. நாஷ்டா துன்னும்போது மொதல் இட்லி அதுக்குத்தான், எனக்கில்ல."

மொட்டை

ஏழெட்டு மாதம் கழித்து எல்லம்மா அதை அழைத்து வந்தார். உப்புத் தண்ணீரும் முடியும் சேர்ந்து கம்பளி மாதிரி கெட்டியாகிவிட்டது. சீப்பு இறங்கவில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும். டாக்டர் லீவு. காயத்தைச் சுற்றி முடி எடுக்கும் வளைந்த கத்தரிக்கோல் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. கன்னியப்பன் பிடித்துக்கொண்டான். இரண்டு மணி நேரம் வெட்டினேன். தோலில் ஒரு கீறல் விழவில்லை, அதுவரைக்கும் வெற்றி. ஆனால் ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம், வால் நுனியில் மட்டும் ஒரு குஞ்சம். இறக்கி விட்டதும் அது உடம்பை ஒரு தடவை உதறிவிட்டு, வராந்தாவை மூன்று சுற்று சுற்றி ஓடியது. பாரம் இறங்கிய சந்தோஷம். நான் எல்லம்மா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் முடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டார். "திருத்தணிக்குப் போய் வேண்டுதல முடிச்சிக்கினு வந்தா மாதிரி கீது, கம்பவுண்டரே! வருசா வருசம் நீயே மொட்ட போடு."

செல்வியின் மூச்சு

மூன்றாவது குட்டிக்கு வருகிறேன். ரேவா மேடம் கிளம்ப நாலே நாள் இருந்தது. குட்டி ஆஸ்பத்திரி மருந்தறையில் இருந்தது. அன்று என் மகள் செல்வி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒன்பது வயது, இழுப்புக்காரக் குழந்தை. முந்தின வருஷம் வீட்டில் ஒரு நாட்டுநாய் வளர்த்தோம். முடி கொட்டும், இவளுக்கு மூச்சு இழுக்கும். டவுன் டாக்டர் நாயே கூடாது என்றதும் ஆர்.கே.பேட்டையில் என் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். செல்வி அழவில்லை. நாயின் தட்டைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

இப்போது வாசற்படியிலேயே நின்றாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். "நான் தொடலப்பா. பாத்துக்கினு மட்டும்தான் இருக்கேன்."

பத்து நாளாகக் குட்டி என் மடியில் ஏறி இறங்குகிறது, காக்கிச் சட்டையில் முடி ஒட்டினதில்லை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் டாக்டரைக் கேட்டேன். "பூடில் கலப்புக்கு முடி கொட்டறது கம்மிதான். ஆனா எச்சில், தோல் பொடி இதுலயும் வரலாம். உத்தரவாதம் கெடையாது. மெதுவா பாரு" என்றார். மேடத்திடம் குட்டியை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே வைத்துத் தினம் சாயங்காலம் அரை மணி செல்வியை அதோடு உட்கார வைத்தேன். என் மனைவி கமலாவுக்குக் கோபம். "மூச்சு இழுக்கறத விடு, மருந்து குடுத்துக்கலாம். இன்னொரு தடவ நாய அனுப்பினா அந்தப் பொண்ணு தாங்குமா?" ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். இழுப்பு வரவில்லை. பிறகுதான் வீட்டுக்கு வந்தது. படுக்கை அறைக்குள் கிடையாது, சீவுவது வாசலில், சீவுவது நான். இதுதான் சட்டம்.

ஐப்பசி மழை வந்தது. அவளுக்கு ஆகாத காலம். கமலா தினம் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டாள். கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. வழக்கமான தும்மல் உண்டு, இழுப்பு இல்லை. டவுன் டாக்டரிடம் அழைத்துப்போய், நாய் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். "நெஞ்சு சுத்தமா இருக்கு, நாய் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்றேன் கம்பவுண்டர், இவளுக்கு மருந்து நான் குடுக்கறேன், நாய்க்கு நீங்க குடுங்க. மறந்துகூட மாத்திடாதீங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் செல்வி நாற்காலி போட்டு ஏறினாள். பரண்மேலிருந்த தட்டை அவள் எடுக்கும்வரை கமலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

கன்னியப்பன் எடுத்த பேட்டி

அடுத்த வருஷம் வெறிநாய்த் தடுப்பு ஊசிக்கு மூன்று குடும்பமும் ஒரே நாளில் வந்தன. எருமைகளுக்கு நடுவே மூன்று சுருட்டைத் தலைகள். மூன்றுக்கும் ஊசியோடு முடி வெட்டும் வேலையும் என் தலையில்தான். அதில் ஒன்றை முனிரத்தினமே தூக்கிவந்திருந்தார், மனைவியைக் கூடத் தொட விடவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலை ஃபோர்மேன் ஒருவர், எனக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கன்னியப்பனிடம் போய்க் கேட்டார். ரிஜிஸ்டரில் பத்தி இல்லை என்று புலம்பின அதே கன்னியப்பன், காலை அகட்டி நின்றுகொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். "நாய் இருக்கட்டும் சார். ஊட்ல யாரு சீவுவாங்க, அத்த மொதல்ல சொல்லு."

இருபது வருஷம் மாட்டுக்கும் எருமைக்கும் ஊசி போட்டு நான் சம்பாதிக்காத பேரை மூன்று சடைநாய்கள் ஒரே வருஷத்தில் வாங்கிக் கொடுத்தன, அதுவும் மருத்துவத்துக்காக அல்ல, முடி வெட்டினதற்காக!