நெய் ஊற்றாத இலை: போடி மலையில் நான்கு நாள்

பால், தயிர், மோர், நெய் எதையும் தொடாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போவது எப்படி என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். தை மாதம் நானும் என் மனைவி ராஜம்மாளும் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக ஏலமலைக்குப் போய் வந்தோம். அந்த அனுபவத்தை எழுதினால் போகிறவர்களுக்குப் பயன்படும். ஆனால் சாப்பாட்டை மட்டும் தனியாகப் பிரித்து எழுத வரவில்லை. நாங்கள் போன காரணமும் அதிலேயே கலந்து கிடக்கிறது.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். தயிர் இல்லாமல் எனக்குச் சோறு முடியாது. ராஜம்மாள்தான் மூன்று வருஷமாகப் பால் தொடுவதில்லை. விரதமில்லை, வேண்டுதலுமில்லை. அவள் பிறந்த ஊர் போடிக்குப் பக்கத்துச் சிலமலை. தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்து பதினொரு நாளில் போய்விட்டது. அதே வாரம் வீட்டுப் பசுவின் கன்றும் செத்தது. அவளுடைய அண்ணன் பெருமாள், செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே பால் விட்டதாம். அந்தப் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து நீட்டினார்கள். ராஜம்மாள் வாங்கவில்லை. அன்றிலிருந்து வாங்கவே இல்லை.

அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது அதற்குப் பிறகுதான். அடுத்த வருஷம் பெருமாளின் கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் நெய்யும் பாயசமுமாக இருந்ததைப் பார்த்து, ராஜம்மாள் இலையில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டாள். பெருமாள் சிலமலை வீட்டைப் பூட்டிவிட்டு, போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத் தோட்டத்தில் மேஸ்திரி வேலைக்குப் போய்விட்டார். இந்த மார்கழியில் அவர் மனைவி கனகம் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினாள்: "புள்ள நடக்க ஆரம்பிச்சிட்டா. அத்தைக்காரி இன்னும் மொகத்தைப் பாக்கல." ராஜம்மாள் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எள்ளை வறுத்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். அதிலிருந்து புறப்படப் போகிறோம் என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். பால் இல்லை என்றால் பெரிய ஏற்பாடு வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒன்றுமில்லை. கொல்லையில் ஒரு முருங்கை, அவரைப் பந்தல், கழுநீர் ஓடுகிற இடத்தில் பொன்னாங்கண்ணியும் தண்டங்கீரையும். சந்தையில் வாங்குவது பயறு வகைகள், தேங்காய், சின்ன வெங்காயம். செக்கு நல்லெண்ணெய் மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குவோம். நெய் ஊற்றும் இடத்தில் அதுதான். எனக்குத் தயிர்ச் சோறு என்றால் அவளுக்குப் பழைய சோறும் நீச்சத் தண்ணியும், கடித்துக்கொள்ள வெங்காயம். முந்தின இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோறு காலையில் புளித்து நிற்கும். கோடையில் அதைப் பார்த்து எனக்கே பொறாமை வரும்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் ஐம்பத்தாறு மைல். யுத்தத்தின்போது பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு வண்டி விட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஆளுக்கு ஒன்றரை ரூபாய்க்குள். காலை வண்டியில் ஏறினால் மத்தியானம் போடி. புளிச்சோறும் கொள்ளுத் துவையலும் வாழையிலையில் கட்டிக் கொண்டுபோனோம். உசிலம்பட்டியில் வறுகடலை வாங்கினோம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் மேற்கே மலை தெரிகிறது. அங்கிருந்து ராஜம்மாள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

போடியில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஏலக்காய் மணம்தான் முதலில். ஒரு காப்பிக் கடையில் நுழைந்தோம். "ஒரு காப்பி. இன்னொன்று பால் இல்லாமல்" என்றேன்.

"பால் தீந்துபோச்சுன்னு யாருண்ணே சொன்னா? நெறைய இருக்கு" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும். எனக்கு வேண்டாம்" என்றாள் ராஜம்மாள்.

"ஒடம்புக்கு முடியலையா, ஆத்தா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு."

அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, கருப்பட்டி போட்ட வரக்காப்பி கொண்டுவந்து வைத்தார். பால் இல்லாததற்காக விலையைக் குறைக்கவில்லை. எங்கும் குறைக்க மாட்டார்கள், எதிர்பார்க்க வேண்டாம். சாயந்திரம் கடைவீதியில் பச்சை மொச்சை குவிந்து கிடந்தது. தை மாதத்தில் போனால் இதை விடாதீர்கள். மேலே குளிருக்கு விளையாது என்று ராஜம்மாள் ஒரு பை நிறைய வாங்கினாள். அன்று இரவு சத்திரத்தில் தங்கினோம்.

மலைக்கு ஜீப்பு உண்டு, ஆனால் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். எங்களுக்குத் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரி கிடைத்தது. ஆளுக்கு எட்டணா. "அக்கா முன்னால ஏறட்டும். நீங்க மூட்டை மேல ஒக்காந்துக்கோங்கண்ணே" என்றார் டிரைவர். நாலு மைல் தள்ளி முந்தல் என்ற அடிவார ஊர். அங்கிருந்து ஏற்றம். வளைவுக்கு வளைவு கீழே வயல்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. பாதி வழியில் ஓர் ஊற்றில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். நான் இறங்கி முன்னால் போனேன். ராஜம்மாள் மடியில் பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு பேசலைன்னா?" என்றாள்.

"பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

டிரைவர் கதவில் சாய்ந்துகொண்டு, தேவாரத்துப் பக்கம் ஆனை இறங்கி ஒரு தோட்டத்து வாழையைப் பூராவும் தின்றுவிட்டுப் போன கதையைச் சொன்னார். நாங்கள் இருவரும் சரியாகக் கேட்கவில்லை.

போடிமெட்டில் எல்லைச் சோதனைச் சாவடி. பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். எதிரே ஒரு மலையாளத்தார் கடை. உட்கார்ந்ததும் கேட்காமலே இரண்டு கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத தேநீர் வந்தது. கட்டன் சாயா என்கிறார்கள். கூலியாட்கள் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள். விளக்கம் சொல்லாமல் ராஜம்மாளுக்குக் கிடைத்த முதல் டம்ளர் அதுதான். நானும் அதையே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அங்கிருந்து தோட்டத்துக்கு இரண்டு மைல் நடை. ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரமான ஒற்றையடிப் பாதை. காலில் சுற்றிக்கொள்ளச் சாக்கு ஒன்று எடுத்துப் போகவேண்டும், அட்டை கடிக்கும். மேஸ்திரி வீடு தகரக் கூரை போட்டது. கனகம் வாசலுக்கு ஓடிவந்து ராஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை ஓர் எள்ளுருண்டையைக் கண்டதும் அத்தையிடம் போய்விட்டது. பெருமாள் வேலையிலிருந்து வந்து என்னைப் பார்த்து, "வாங்க மாப்ளே" என்றார். தங்கையை ஒருமுறை பார்த்தார். கால் கழுவப் போய்விட்டார்.

மத்தியானம் இலை போட்டார்கள். சோறு, தட்டைப்பயறுக் குழம்பு, சேம்பு வறுவல். எல்லாம் ராஜம்மாள் சாப்பிடக்கூடியவை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குள் கனகம் நெய்க் கிண்ணத்தோடு வந்து, நாத்தனாரை முதலில் கவனிக்கவேண்டும் என்ற ஆசையில், அவள் சோற்றின் மேல் ஒரு கரண்டி நிறைய ஊற்றிவிட்டாள். நாத்தனார் கல்யாணத்தில் சாப்பிடாமல் போனாள் என்பது மட்டும்தான் கனகத்துக்குத் தெரியும். ஏன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ராஜம்மாளின் கை இலைக்கு மேலே நின்றுவிட்டது. எழுந்துவிடுவாள் என்றே நினைத்தேன். இரண்டு மைல் திரும்பி நடக்கவேண்டுமே என்றுகூட மனசு கணக்குப் போட்டது.

பெருமாள் கை நீட்டி அவள் இலையைச் சோற்றோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கனகம், ஆத்தாளுக்கு வேற எல போடு. நெய் வேண்டாம். மோரும் ஊத்தாத" என்றார்.

கனகத்தின் முகம் சிறுத்துவிட்டது. "நான் ஏதும் தப்பாச் செஞ்சுட்டனா, மதினி?"

"இல்ல மதினி. எனக்கு அது எறங்காது. அம்புட்டுத்தான். நல்லெண்ணெ இருந்தாக் கொஞ்சம் கொண்டா" என்றாள் ராஜம்மாள்.

புது இலை வந்தது. அவள் சாப்பிட்டாள், இரண்டாம் தடவை குழம்பும் கேட்டாள். பெருமாள் தலை நிமிராமல் தன் இலையையும் தங்கையின் இலையையும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் விடிந்ததும் நான் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பெருமாள் கன்றை அவிழ்த்துவிட்டு, அது குடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றார். ராஜம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இது குடிச்ச மிச்சந்தான் கறக்குறது" என்றார் அவர், பசுவைப் பார்த்துக்கொண்டே.

"பாத்தேண்ணே."

அவரே மேலே சொன்னார். "அன்னைக்கி ஒனக்காகத்தான் செஞ்சேன். எந்திரிக்க முடியாமக் கெடந்த. வைத்தியரு பால் குடுக்கச் சொன்னாரு."

"தெரியும்."

"பெறகு ஏன் என் மூஞ்சியப் பாக்காமப் போன? கன்னுத் தோலை உரிச்ச பாவி நாந்தான்னு வச்சுக்கிட்டயா?"

"ஒம்மேல கோவமில்லண்ணே. அந்தப் பசு வைக்கலை நக்கிக்கிட்டு நின்னுச்சு. எனக்கும் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாக் கெடந்துச்சு. குடிக்கப் புள்ள இல்ல. நீ அந்தச் செம்பைக் கொண்டாந்து நீட்டுன. யாருகிட்ட என்னத்தச் சொல்ல?"

மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற எனக்கும் அது அன்றுதான் தெரியும். கன்று வயிறு நிறைந்து தானாக விலகியது. பெருமாள் கறந்து முடித்ததும் ராஜம்மாள் அந்தச் செம்பை ஒரு கையால் வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய், "புள்ளைக்கு ஆத்திக் குடு மதினி" என்று கனகத்திடம் கொடுத்தாள்.

அதன் பிறகு நாட்கள் ஓடிவிட்டன. பெருமாள் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு கிழங்கு தோண்டிப் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் சேனை, ஒரு நாள் மரவள்ளி. அங்கே அதைக் கப்பை என்கிறார்கள். வேகவைத்து, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் தட்டித் தொட்டுக்கொண்டால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. போடி மொச்சையைப் புளிக்குழம்பு வைத்தார்கள். கடைசி நாள் தேங்காய்ப் பாலும் வெல்லமும் பாசிப்பருப்பும் சேர்த்து ராஜம்மாள் பாயசம் காய்ச்சினாள். ஏலக்காய்க்குப் பஞ்சமா? கனகம் ருசி பார்த்துவிட்டு, "இது பசும்பாலை விடத் தேவலை" என்றாள். விருந்தாளிக்காகச் சொன்னாளோ என்னவோ, இரண்டு டம்ளர் குடித்தாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. போடிக்கு மேலே காய்கறிக் கடை கிடையாது. பயறும் மொச்சையும் புளியும் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். எள்ளுருண்டை ஒரு வாரம் கெடாது, வழிப்பசிக்கு அதைப்போல இல்லை. காப்பிக் கடையில் 'வரக்காப்பி' என்று கேட்டால் கேள்வி குறையும். கம்பளி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் இலையில் உட்காருவதற்கு முன்பே, அடுப்படியிலேயே, எது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரிமாறிய பிறகு சொன்னால் ஊற்றிய கைக்கு வலிக்கும். நான் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் பெருமாள் அந்த இலையை எடுத்திருக்க மாட்டார் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும் நாள் அவர் மெட்டு வரை வந்தார். லாரி வரத் தாமதமானது. பனி விலகி, கீழே போடியும் சிலமலைப் பக்கத்து வயல்களும் தெரிந்தன. அண்ணனும் தங்கையும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆத்தா, புள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு இருந்த?" என்று கேட்டார் பெருமாள்.

அந்தப் பதினொரு நாளைப் பற்றி எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"செண்பகம்" என்றாள்.

"செண்பகம்" என்று அவரும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். வளைவில் லாரியின் சத்தம் கேட்டது. அவர் எழுந்து எங்கள் பையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.