கடல் இல்லாத மாவட்டத்தில் புயல் காலம்

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. இருந்தும் ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடலை விசாரிக்காமல் சிவகாசியில் யாரும் காபி குடிப்பதில்லை. அந்தமான் பக்கம் ஒரு சுழற்சி என்று செய்தி வந்தால், தீபாவளிக்கான கடைசி லோடுக்குப் பட்டாசு மருந்து காயுமா என்பதுதான் இங்கே கேள்வி.

விஸ்வநத்தம் அருகே ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். லைசென்ஸ் காகிதங்களைப் புதுப்பிப்பது என் தொழில். வானிலை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. நாலு புத்தகம் படித்தவனுக்கு, தனக்குத் தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி நான் விளக்குவதை முதலாளிகூடப் பொறுமையாகக் கேட்பார். சில தடவை பலித்தும் தொலைத்தது. கெடுதல் அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளி நெருங்கிய ஒரு காலையில், புயல் ஆந்திராவுக்குப் போகிறது, ஈரத்தையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும், நமக்கு நல்ல வெயில் என்று அறிவித்தேன். என்னை நம்பி மணி மருந்தைத் தட்டுத் தட்டாக வெளிமேடையில் காயப்போட்டார்கள். வாணம் மேலே போய் நிறநிறமாகச் சிதறுமே, அந்தச் சிறு உருண்டைகள்தான் மணி மருந்து. பத்து மணி வரை வெயில் என் மானத்தைக் காப்பாற்றியது. பதினொன்றுக்கு வானம் கறுத்துத் தூறல் விழுந்தது.

ஆபீஸிலிருந்து ஓடினேன். மேடைக்குப் பக்கத்து அறையில் நான்கு பெண்கள் குழாய்களுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகளையெல்லாம் அந்த அறைக்குள் தூக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே நானே ஒன்றைத் தூக்கினேன். போர்மேன் அக்கா வாசலை மறித்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போது தவிர அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"கீழ வைங்க சார்."

"நனையுதுக்கா. அம்புட்டும் வீணாப் போயிரும்."

"நனைஞ்சிருச்சு. இது என்ன வடகமா, ஓடி ஓடி அள்ளுறதுக்கு? நீத்துப்போன மருந்த உள்ள வச்சுட்டு, இந்த நாலு பிள்ளைகள எங்கன உக்கார வைக்கப் போறீக?"

தட்டைக் கீழே வைத்தேன். ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். நீத்துப்போவது என்று அதைத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியாதது அல்ல. சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்ததே நான்தான். ஆனால் தூறல் விழுந்ததும் கைக்கு அது ஞாபகம் இல்லை. மாடியில் காயும் வடகத்தை அள்ளத்தான் அதற்குத் தெரிந்தது.

அக்கா எல்லா அறைகளிலிருந்தும் ஆட்களை வெளியேற்றி, கேட்டுக்கு அப்பால் நிறுத்தித் தலைகளை எண்ணினார். நானும் ஒரு தலையாக நின்றேன். தூறல் பத்து நிமிடத்தில் ஓய்ந்து வெயில் வந்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இதற்கா இந்தப் பாடு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவள் சொல்வதே சரியாக இருக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். முதலாளி போனில் புயலைத் திட்டினார். என்னைத் திட்டாதது அவருடைய பெருந்தன்மை.

பிறகு மேடையில் வெள்ளையாகப் புகை எழுந்தது. ஒரு தட்டு பற்றியது. அதிலிருந்து அடுத்தடுத்து எல்லாம் பற்றின. பட்டப்பகலில் சிவப்பும் பச்சையுமாக எரிந்ததை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. அந்த நான்கு பெண்களில் ஒருத்தி மட்டும் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து, அருகே போகலாம் என்று சொன்ன பிறகு மேடைப் பக்கம் போனேன். அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறுங்காலோடு உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் வாசலில் நான்கு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. விபத்து நடந்த இடங்களை முன்பு பார்த்திருக்கிறேன். எங்கும் செருப்பு மிஞ்சும்.

எட்டையும் அள்ளிக்கொண்டு, ஆட்களை வீட்டுக்கு ஏற்றிப்போகும் வேனுக்குப் போனேன். நால்வரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எது யாருடையது என்று தெரியாமல் ஜோடி மாற்றி நீட்டினேன். அவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, குனிந்து போட்டுக்கொண்டார்கள்.